பஃப் இழுத்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுமா?

அக்கா மகள் ஓட ஆரம்பித்து ரெண்டு வருஷம் ஆகிறது. 10 கிலோமீட்டர் வரை சிரமம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தவள், 21 கிலோமீட்டருக்குப் பயிற்சி எடுக்கத் தொடங்கிய சமயத்தில், "மாமா, ரொம்ப மூச்சு வாங்குது, முன்னாடி இருந்த வேகம் வரவே மாட்டேங்குது" என்றாள். எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஆஸ்துமா. மூச்சு வாங்குகிறது என்று யார் சொன்னாலும் என் கை தானாகப் பைக்குள் இருக்கும் நீலக் குழாயைத்தான் தேடும். புதுசாக ஒன்று வாங்கி, "ஓடுறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி ரெண்டு பஃப் இழுத்துக்கோ" என்று கொடுத்துவிட்டேன். அதிலிருப்பது சால்பியூட்டமால். டாக்டர் சீட்டு இல்லாமல் இப்படிக் கொடுத்தது தப்பு என்று அன்றைக்கு உறைக்கவில்லை.

ரெண்டு வாரம் கழித்து மறுபடி போன். "கொரோனா சமயத்துல வாங்கின ஆக்சிமீட்டரை விரல்ல மாட்டிப் பார்த்தேன் மாமா. 98 காட்டுது. ஆக்சிஜன் 98 இருந்தா அப்புறம் ஏன் மூச்சு வாங்குது? உங்க பஃப் அதை 100 ஆக்குமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பது வருஷமாக இழுக்கிற மருந்து. ஆனால் அது ரத்தத்து ஆக்சிஜனை என்ன செய்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு சில வாரம் படித்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை.

இந்த விஷயம் உலகத்துக்கே தலைப்புச் செய்தியானது 2017-ல். அந்த வருஷம் ஸ்பெயினின் வுவெல்டா சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தவர் கிறிஸ் ஃப்ரூம். செப்டம்பர் 7 அன்று, 18-வது கட்டம் முடிந்ததும் எடுத்த சிறுநீரில் ஒரு மில்லிக்கு 2000 நானோகிராம் சால்பியூட்டமால் இருந்தது. அனுமதி 1000 வரைதான். அளவீட்டுப் பிழைக்கு இடம் விட்டு 1200-ஐத் தாண்டினால் நடவடிக்கை. டிசம்பரில் கார்டியனும் லு மோந்தும் செய்தியை வெளியிட்டன. ஃப்ரூமுக்கு ஆஸ்துமா உண்டு என்பது ஏற்கெனவே ஊரறிந்த சங்கதி, பந்தயத்தின் நடுவே இன்ஹேலர் இழுப்பதை டிவியிலேயே பார்த்திருக்கிறார்கள். உடம்பில் நீர் வற்றினால் சிறுநீர் கெட்டியாகி எண் கூடும் என்று வாதிட்டார்கள். அடர்த்தியைச் சரிக்கட்டிப் பார்த்தபோது 2000 என்பது 1429 ஆக இறங்கியது. 2018 ஜூலை 2 அன்று, டூர் டி பிரான்ஸ் தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது, சர்வதேச சைக்கிள் சங்கம் வழக்கை மூடியது. இதற்கு முன் இதே மருந்தில் சிக்கிய இத்தாலிக்காரர்கள் இருவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அலெசாண்ட்ரோ பெட்டாக்கி 2007-ல் 1320, தியேகோ உலிசி 2014-ல் 1900. ரெண்டு பேருமே தடை வாங்கினார்கள்.

ஃப்ரூம் செய்தது சரியா தப்பா என்ற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம். எனக்குச் சுவாரசியமாக இருந்தது, அப்போது பேசியவர்களில் பாதிப் பேர் ஒரு விஷயத்தைக் கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொண்டதுதான்: மூச்சுக்குழாய் விரிந்தால் காற்று அதிகம் போகும், காற்று அதிகம் போனால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும், ஆக்சிஜன் ஏறினால் வேகம் கூடும். கேட்க ரொம்ப நியாயமாக இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி வருகிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் அதிகபட்சம் 1.34 மில்லி ஆக்சிஜனைப் பிடிக்கும். 100 மில்லி ரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் என்றால் 20 மில்லி ஆக்சிஜன். நல்ல நுரையீரல் உள்ளவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அதில் 97, 98 சதவீதம் நிரம்பியிருக்கும். பஸ்ஸில் எல்லா சீட்டும் நிரம்பியாச்சு, வாசலை அகலப்படுத்தி என்ன பிரயோஜனம்? ஹீமோகுளோபினில் ஒட்டாமல் ரத்தத்தில் வெறுமனே கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஒன்று இருக்கிறது. அது 100 மில்லிக்கு வெறும் 0.3 மில்லி. ஆக்சிஜன் அழுத்தத்தை 95-லிருந்து 105 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு ஏற்றினாலும் கரைசலில் கூடுவது 0.03 மில்லி. அதே நேரம் ஹீமோகுளோபின் 15-லிருந்து 16 ஆனால் 1.3 மில்லி கூடிவிடும். சைக்கிள்காரர்கள் ஈபிஓ ஊசியையும் ரத்தப் பைகளையும் தேடிப் போனது ஏன் என்பது இந்த ரெண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே புரிந்துவிடும். பஸ்ஸில் சீட்டைக் கூட்டினார்கள்.

இதோடு கட்டுரையை முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இதற்குள் ஒரு ஓட்டை இருக்கிறது, அதுதான் இதில் ரொம்ப ருசியான பகுதி.

உட்கார்ந்திருக்கும்போது 98 சரி. முழு வேகத்தில் ஓடும்போது? சாதாரண ஆளுக்கு அப்போதும் பெரிதாக இறங்காது. ஆனால் உச்சத்தில் இருக்கும் ஓட்டக்காரர்கள் சிலருக்கு, கடல் மட்டத்திலேயே, எந்த நோயும் இல்லாமலேயே இறங்குகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் டெம்ப்சியும் கூட்டாளிகளும் 1984-ல் இதைத் தமனி ரத்தம் எடுத்து அளந்து காட்டினார்கள். 93 முதல் 95 வரை லேசானது, 88 முதல் 93 வரை நடுத்தரம், அதற்கும் கீழே போனால் கடுமையானது என்று பிற்பாடு வகைப்படுத்தினார்கள். துடுப்புப் படகு வீரர்களிடமும் இது நன்றாகத் தெரிகிறது. பந்தயக் குதிரைகளுக்கு இன்னும் மோசம்.

ஏன் இறங்குகிறது? இதுவும் ஒரு சின்னக் கணக்குதான். சும்மா இருக்கும்போது இதயம் நிமிஷத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. நுரையீரலின் தந்துகிகளில் எந்த நேரத்திலும் 70 மில்லி அளவுக்கு ரத்தம் இருக்கும். அப்படியானால் ஒரு சிவப்பணு அங்கே தங்கும் நேரம் முக்கால் நொடி, கொஞ்சம் கூட. ஆக்சிஜனை நிரப்பிக்கொள்ள கால் நொடி போதும். ஆக, தாராளமான அவகாசம். இப்போது ஒரு உலகத்தர ஓட்டக்காரரைப் பாருங்கள். இதயம் நிமிஷத்துக்கு 30 லிட்டர் தள்ளுகிறது, அதாவது நொடிக்கு அரை லிட்டர். தந்துகிகள் விரிந்து 200 மில்லி வரை கொள்ளும் என்று வைத்தாலும் தங்கும் நேரம் 0.4 நொடி. இது சராசரி, குறுக்குவழியில் போகும் அணுக்களுக்கு இன்னும் குறைவு. ஸ்டேஷனில் வண்டி நிற்கும் நேரம் குறையக் குறைய ஏறாமல் விட்டுப்போகிறவர்கள் கூடுவார்கள் இல்லையா, அதே கதை. கூடவே நுரையீரலின் எல்லா மூலைக்கும் காற்றும் ரத்தமும் ஒரே விகிதத்தில் போய்ச் சேர்வதில்லை. உடம்பு சூடாகி, ரத்தத்தில் அமிலம் ஏறினால் ஹீமோகுளோபினின் பிடியும் தளர்கிறது.

பயிற்சியால் இதயம் பெரிதாகிறது, ரத்தத்தின் அளவு கூடுகிறது, தசை மாறுகிறது. நுரையீரல் மட்டும் பெரும்பாலும் இருந்த மாதிரியே இருக்கிறது. நமக்கெல்லாம் அது தேவைக்கு மேல் பெரிசாகக் கட்டிய வீடு. ஆனால் எக்கச்சக்கமாகப் பயிற்சி எடுத்தவருக்கு ஒரு கட்டத்தில் அதே வீடு இடுக்கமாகிவிடுகிறது. 1989-ல் பவர்ஸ் குழுவினர் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. 21 சதவீத ஆக்சிஜனுக்குப் பதிலாக 26 சதவீதம் உள்ள காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். சாதாரண ஆட்களுக்கு உச்ச ஆக்சிஜன் உபயோகம் மாறவில்லை. உச்சத்தில் ஆக்சிஜன் இறங்கும் வீரர்களுக்கோ அது கிலோவுக்கு 70 மில்லியிலிருந்து 75 கிட்டத்தட்ட வந்துவிட்டது. அப்போது, இவர்களைப் பொறுத்தவரை ரத்த ஆக்சிஜனை ஏற்றினால் நிஜமாகவே லாபம் இருக்கிறது. பஸ்ஸில் சீட் காலியாக இருக்கிறது.

அப்படியென்றால் இவர்களுக்கு மட்டுமாவது இன்ஹேலர் உதவ வேண்டாமா? இந்தக் கேள்வியைப் பலர் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். முதலில் ஒரு தடை: உடற்பயிற்சியின்போது உடம்பே அட்ரினலினைச் சுரந்து மூச்சுக்குழாய்களை விரித்து வைத்திருக்கிறது. சால்பியூட்டமால் போய் உட்காரும் அதே பீட்டா-2 ஏற்பியில்தான் அதுவும் உட்காருகிறது. ஆஸ்துமா இல்லாதவருக்கு, ஏற்கெனவே திறந்திருக்கும் கதவில் இன்னொரு சாவியைப் போட்டுத் திருகுகிற வேலை. இரண்டாவது, பிரச்சினை கதவிலேயே இல்லை. உள்ளே காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த அரை நொடியில் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோச்சும் குழுவும் நன்றாகப் பயிற்சி பெற்ற 49 ஆண் சைக்கிள் வீரர்களுக்கு, ஆஸ்துமா உள்ளவர் இல்லாதவர் இரண்டு வகைக்குமே, 400 மைக்ரோகிராம் கொடுத்து 10 கிலோமீட்டர் ஓட்டவிட்டார்கள். ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு 5, 6 சதவீதம் கூடியது. சக்தியும் வேகமும் அப்படியே இருந்தன. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த புளூயிம் குழுவின் 2011 தொகுப்பும் இதையேதான் சொன்னது: இழுக்கும் மருந்தால் தாங்குதிறனில் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை.

இன்னொரு விசித்திரம். ஆஸ்துமா கடுமையாக வந்து ஆஸ்பத்திரியில் சேர்பவருக்கு நெபுலைசரில் சால்பியூட்டமால் கொடுத்தவுடன், சில சமயம் ரத்த ஆக்சிஜன் கொஞ்சம் *இறங்கும்*. நுரையீரலில் அடைத்துக்கிடக்கும் பகுதிக்கு ரத்தம் போகாமல் உடம்பு அந்த ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். மருந்து போய் அதையும் தளர்த்திவிடுகிறது. காற்று வராத இடத்துக்கு ரத்தம் பாய்ந்து, ஆக்சிஜன் இல்லாமலேயே திரும்புகிறது. டாக்டர்களுக்கு இது பழைய செய்தி, அதனால்தான் கூடவே ஆக்சிஜனும் வைக்கிறார்கள். எனக்குத்தான் முப்பது வருஷம் கழித்துத் தெரிந்தது.

உச்சத்தில் ஆக்சிஜன் இறங்குவதற்கு நுரையீரலில் சுரக்கும் ஹிஸ்டமின்தான் காரணமோ என்று பிரான்ஸின் மோன்பெல்லியேவில் பிரெஃபோ குழுவினர் 1990-களில் ஒரு பாதையைப் பிடித்தார்கள். நெடோக்ரோமில் என்ற இழுக்கும் மருந்தை வயதான ஓட்டக்காரர்களுக்குக் கொடுத்தபோது ஹிஸ்டமினும் குறைந்தது, ஆக்சிஜன் இறக்கமும் குறைந்தது. அடடா என்று தோன்றும். ஆனால் டெம்ப்சியின் கூடத்தில் இளம் வீரர்களுக்கு நெடோக்ரோமிலோடு இன்னும் இரண்டு மருந்தும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஹிஸ்டமின் அடங்கியது, ஆக்சிஜன் இறங்குவது நிற்கவில்லை. இளம் உடம்புக்கு அந்த விளக்கம் செல்லாது என்று ஆகிவிட்டது.

இழுக்கும் மருந்தால் ரத்த ஆக்சிஜன் கூடவே கூடாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. நிஜமாகவே ஆஸ்துமா இருந்தால் கதை வேறு. 2007-ல் ஹேவர்காம்ப், டெம்ப்சி குழுவினர் லேசான ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆறு வாரம் இழுக்கும் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அது சட்டென்று குழாயை விரிக்கும் நீலக் குழாய் இல்லை. வீக்கத்தைப் பொறுமையாக ஆற்றுகிற, தினமும் எடுக்க வேண்டிய மருந்து. ஆறு வாரம் கழித்து ஓடவைத்தபோது தமனி ஆக்சிஜன் மேம்பட்டிருந்தது, ஓடும் நேரமும் கூடியது. நோய் அடைத்ததை மருந்து திறந்தது, அவ்வளவுதான். இல்லாத அடைப்பை எதுவும் திறக்க முடியாது. (என்னை மாதிரி ஆட்களுக்கு ஒரு வார்த்தை: நீலக் குழாயை மட்டுமே நம்பி ஆஸ்துமாவை ஓட்டக்கூடாது என்று 2019-லேயே உலக அளவிலான வழிகாட்டுதல் மாறிவிட்டது. நான் மாறியது ரொம்பப் பிந்தி.)

"அப்புறம் ஏன்யா இத்தனை வீரர்களுக்கு ஆஸ்துமா?" என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் அமெரிக்க அணியின் 597 பேரில் 67 பேருக்கு ஆஸ்துமாவோ உடற்பயிற்சியால் வரும் மூச்சுக்குழல் சுருக்கமோ இருந்தது. அவர்கள் வாங்கிய பதக்கம் 41. ஒலிம்பிக் வீரர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா என்பது பின்னாளில் வந்த கணக்கு. சந்தேகம் வருவது இயல்புதான், ஏமாற்றுகிறவர் யாருமே இல்லை என்று நானும் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் இதில் காரணம் தலைகீழாகவும் ஓடுகிறது. நிமிஷத்துக்கு 150, 180 லிட்டர் காற்றை வாயால் இழுத்துத் தள்ளினால் மூச்சுக்குழாயின் உள்பூச்சு காய்ந்து புண்ணாகிறது. பனியில் சறுக்குபவர்களுக்கு உறைந்த காற்று, நீச்சல்காரர்களுக்குக் குளோரின். வருஷக்கணக்கில் இப்படி அடிபட்ட குழாய் சுருங்கப் பழகிவிடுகிறது. ஆஸ்துமா அவர்களைச் சாம்பியன் ஆக்கவில்லை. சாம்பியன் ஆகும் உழைப்பு ஆஸ்துமாவைக் கொண்டுவந்தது.

1972 முனிச்சில் அமெரிக்க நீச்சல் வீரர் ரிக் டிமான்ட் 400 மீட்டரில் ஜெயித்த தங்கத்தை இழந்தார். அவர் சாப்பிட்ட ஆஸ்துமா மருந்தில் எபிட்ரின் இருந்தது. பதினாறு வயசுப் பையன், மருந்தை மறைக்கவும் இல்லை. இந்தக் கட்டுரைக்காகப் படித்ததிலேயே மனசைப் பிசைந்தது அதுதான்.

ஆக்சிஜனை ஏற்றாது என்றால் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு ஏன் அளவு வைத்திருக்கிறது? விடை நுரையீரலில் இல்லை, தசையில் இருக்கிறது. இதே குடும்பத்து மருந்தை மாத்திரையாகப் பெரிய அளவில் விழுங்கினால் தசையின் வலுவையும் குறுகிய நேர வேகத்தையும் கூட்டலாம் என்பதற்குச் சான்று உண்டு. கான்டடோர் மாட்டிக்கொண்ட கிளென்புட்டெரால் இதன் பெரியப்பா பிள்ளை. ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். ஒரு 4 மில்லிகிராம் மாத்திரை என்பது 40 பஃப். 24 மணி நேரத்துக்கு 1600 மைக்ரோகிராம், அதாவது 16 பஃப் வரை அனுமதி. 2022 முதல் எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டக்கூடாது. சிறுநீரில் 1000 என்ற கோடு, இழுத்தாயா விழுங்கினாயா என்று கண்டுபிடிக்கப் போட்ட கோடு. ஒரே அளவு இழுத்தாலும் ஆளுக்கு ஆள், நீர் வற்றலுக்கு ஏற்ப எண் மாறும் என்பதுதான் அந்தக் கோட்டின் பலவீனம். நார்வேயின் பனிச்சறுக்கு வீரர் மார்ட்டின் ஜான்ஸ்ருட் சுண்ட்பி நெபுலைசரில் எடுத்துக் கோட்டைத் தாண்டி, 2016-ல் இரண்டு மாதத் தடையோடு டூர் டி ஸ்கீ பட்டத்தையும் இழந்தார்.

மூக்கு வழியே போய் ரத்தத்தின் ஆக்சிஜன் கொள்ளளவை நிஜமாகவே மாற்றக்கூடியவை சில உண்டு. அவை ஆஸ்துமா மருந்து இல்லை. ஜெனான் வாயு, உடம்பை ஈபிஓ சுரக்கத் தூண்டும் என்று 2014-ல் தடைப்பட்டது. கார்பன் மோனாக்சைடு இன்னும் விபரீதம். சிவப்பணுவின் மொத்த அளவைக் கணக்கிட மிகச் சிறிய அளவில் சுவாசிக்க வைக்கும் முறை ஒன்று உண்டு. திரும்பத் திரும்ப எடுத்தால் உடம்பு மலையில் இருப்பதாக ஏமாந்து ஹீமோகுளோபினைக் கூட்டும். அப்படிப் பயன்படுத்துவதை சைக்கிள் சங்கம் 2025 பிப்ரவரியில் தடை செய்தது. ஆளைக் கொல்லும் வாயு அது.

இத்தனையும் படித்த பிறகுதான் அக்கா மகள் கேட்டதில் முதல் பாதி எனக்கு உறைத்தது. 98 இருந்தால் ஏன் மூச்சு வாங்குகிறது? விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒரு சிவப்பு ஒளி, ஒரு அகச்சிவப்பு ஒளி இரண்டையும் பாய்ச்சி, இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்றுதான் பார்க்கிறது. மொத்தம் எத்தனை ஹீமோகுளோபின் என்று அதற்குத் தெரியாது. 20 சீட் பஸ்ஸும் 40 சீட் பஸ்ஸும் நிரம்பியிருந்தால் ரெண்டுமே 100 சதவீதம்தான்.

அன்றைக்கே போன் பண்ணி, "நாளைக்குக் காலையில ரத்தம் டெஸ்ட் பண்ணிடும்மா, அந்த பஃப்பை விட்டுடு" என்றேன். ஹீமோகுளோபின் 8.9. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் அடிமட்டம். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, "எல்லாருக்கும் இப்படித்தான்னு நெனச்சேன்" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். கணக்குப் பாருங்கள்: 13.5 இருந்திருந்தால் 100 மில்லி ரத்தத்தில் 17.7 மில்லி ஆக்சிஜன் போயிருக்கும். 8.9-க்கு 11.7. மூன்றில் ஒரு பங்கு காணோம். அதை ஈடுகட்ட ஏற்கெனவே வேகமாக அடித்துக்கொண்டிருந்த இதயத்தின் மேல், படபடப்பைக் கூட்டும் மருந்தை வாங்கிக் கொடுத்து, அதையும் ஓட்டத்துக்கு முன்னால் இழுக்கச் சொன்னது நான். மருந்து அவளுக்கு உதவவில்லை என்பதைவிட, அதைக் கொடுத்ததால் ரெண்டு வாரம் யாரும் ரத்தப் பரிசோதனை பற்றி யோசிக்கவில்லை என்பதுதான் என்னை இப்போதும் உறுத்துகிறது. "கை நடுங்குது மாமா" என்று ஒருமுறை சொன்னாள். "பழகிடும்" என்றேன்.

மகப்பேறு மருத்துவரைப் பார்த்தார்கள். ரத்தப்போக்குக்குச் சிகிச்சை, கூடவே இரும்பு மாத்திரை; மாத்திரை போடும் நேரத்தில் டீ, காபி வேண்டாம் என்றார்கள். மூன்று மாதம் நீண்ட ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடந்தாள். போன மாசம் 12.3. இப்போது மறுபடி 10 கிலோமீட்டர் ஓடுகிறாள், பழைய வேகத்துக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. ஆக்சிமீட்டர் இப்போதும் 98-தான் காட்டுகிறதாம்.